எட்வின் ரெனர் கேட்ட சட்டசபை

இங்கிலாந்தின் வடகோடி ஊரான பெரிக்கில், தபால் நிலையத்திலிருந்து மேற்கே போகும் தடம் எட்வின் ரெனருடையது. விடிகாலையில் சிவப்பு வேனில் கிளம்பினால், ட்வீட் ஆற்றை ஒட்டிப் பண்ணை பண்ணையாகப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். அந்தத் தடத்தில் பாதி வீடுகள் இங்கிலாந்தில், பாதி வீடுகள் ஸ்காட்லாந்தில். எல்லை என்று அங்கே சாலையோரப் பலகை ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் மேய்கிற ஆட்டுக்கும் அந்தப் பக்கம் மேய்கிற ஆட்டுக்கும் ஒரே புல், ஒரே மழை. ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவை நாடு விட்டு நாடு போகிறோம் என்று எட்வின் ஒருநாளும் யோசித்தவரில்லை. தொண்ணூற்றேழாம் வருஷம்தான் அந்த யோசனை வந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். உங்களுக்கென்று எடின்பரோவில் தனியாக ஒரு சட்டசபை வேண்டுமா, அல்லது லண்டனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டுமா? எல்லைக்கு அந்தப் பக்கம் எந்த அடுப்படியில் நுழைந்தாலும் இதே பேச்சு. பாக்ஸ்டன் தாண்டி ஒரு பண்ணையில் திருமதி கெர் என்று ஒரு அம்மாள். எட்வினுக்குத் தினமும் ஒரு கோப்பை தேநீர் கொடுக்காமல் விடமாட்டார். அன்று கேட்டார்:

"நீ என்னப்பா சொல்ற, எட்வின்? வேணுங்கறியா, வேண்டாங்கறியா?"

"எனக்கு ஓட்டு இல்லீங்களே. நான் ட்வீட்மவுத்துக்காரன்."

"அட, ஆமால்ல! நீ அந்தப் பக்கத்து ஆளு. தெனமும் பாக்கறதுல மறந்தே போச்சு பாரு." ஆறுதல் சொல்வது போல அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

அடுத்த வீடு இங்கிலாந்தில் இருந்தது. டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த ஆளிடம் எட்வின் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"அவங்களுக்குச் சட்டசபை வரப்போகுதாமே?"

"வரட்டும். நமக்கென்ன?"

அந்த 'நமக்கென்ன' மீன் முள் மாதிரி எட்வினின் தொண்டையில் நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி எஃபியிடம் சொன்னார். எஃபி எல்லைக்கு அந்தப் பக்கம் ஹட்டன் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகி ஆறே மைல் தள்ளி, பெரிக்குக்கு ஆற்றின் மறுகரையான ட்வீட்மவுத்துக்கு வந்தவள்.

"உன்ன கேக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, என்ன மட்டும் கேட்டாங்களா?" என்று சிரித்தாள். "அங்கயே பொறந்து வளந்தவ நான். உன்னக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு என் ஓட்டும் போச்சு. யோவ் இங்கிலீஷ்காரா, சாப்பிட வா, ஆறுது."

அவள் இருந்தவரை அந்த விஷயம் வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. எடின்பரோவில் சட்டசபை வந்தது. வேல்ஸுக்கு ஒன்று வந்தது. வட அயர்லாந்துக்கு ஒன்று வந்தது. இங்கிலாந்துக்கு மட்டும் வரவில்லை. வேண்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. எட்வின் செய்தியைக் கேட்டு ஏதாவது முணுமுணுத்தால், "ஆரம்பிச்சிட்டார்யா எங்க வீட்டு முதலமைச்சர்" என்பாள் எஃபி.

எட்வின் ஓய்வு பெற்ற மறு வருஷம் எஃபிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதே குளிர்காலத்தில் ஹட்டனில் அவள் அக்கா ஆக்னஸ் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆக்னஸைக் குளிப்பாட்டி உடுத்திவிடத் தினமும் காலையில் ஒரு பெண் வந்துபோனாள். ஸ்காட்லாந்துச் சட்டசபை போட்ட சட்டம் அது. வயதானவர்களுக்கு அந்த உதவி இலவசம். எஃபிக்கு அப்படி யாரும் வரவில்லை. விசாரிக்க வந்த நகராட்சிப் பெண் நல்லவள்தான். நிலைமையைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நீங்கள் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் நீங்களேதான் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

"ஏம்மா, ஆறு மைல்ல சட்டம் மாறுதே, அது எப்படி?" என்று கேட்டார் எட்வின்.

"அவங்களுக்குச் சட்டசபை இருக்கு சார்."

"நமக்கு?"

அந்தப் பெண் தாள்களைப் பைக்குள் வைத்தாள். "நமக்கு லண்டன் இருக்கு."

எட்வின் ஆள் வைக்கவில்லை. தானே எஃபியைக் குளிப்பாட்டினார், தலை வாரினார், காலுறை மாட்டிவிட்டார். முரட்டுக் கை. வெந்நீர் பதம் அவருக்குப் பிடிபட நாளாயிற்று. எஃபிக்குப் பேச்சு குழறினாலும் கேலி மட்டும் குறையவில்லை. "தபால் பை தூக்கின கை. என்னையும் ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிடாத" என்பாள். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. ஒரு மார்ச் மாதம் அவள் போய்விட்டாள்.

ஆக்னஸ் மேல் எட்வினுக்குப் பொறாமை இல்லை. கிடைக்க வேண்டியது கிடைத்தது என்றே நினைத்தார். லண்டன்மேல்கூடப் பெரிய கோபம் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் மனதில் ஓடியது. நம்மை யாரும் கேட்கவே இல்லையே. வேண்டாம் என்று சொல்லியிருப்போமோ என்னவோ. கேட்டிருக்கலாம்.

அந்தக் கோடையில் மடக்கு மேஜை ஒன்று வாங்கினார்.

சனிக்கிழமை தோறும் பெரிக் கடைத்தெருவில், காய்கறி வண்டிக்கும் பூச்செடிக் கடைக்கும் நடுவே அந்த மேஜை நின்றது. மேலே அட்டை ஒன்று: 'இங்கிலாந்துக்கும் ஒரு சட்டசபை வேண்டுமா? எங்களையும் கேளுங்கள்.' பக்கத்தில் கையெழுத்து வாங்கச் சில தாள்கள், காற்றில் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல். முப்பத்தோரு வருஷம் ஊர் ஊராகக் கதவு தட்டியவர், எல்லோர் பெயரும் அவருக்குத் தெரியும். "என்ன எட்வின், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்கள் அட்டையைப் படித்ததும் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்தது போல நடையை எட்டிப் போடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. 'இங்கிலாந்து' என்ற வார்த்தையை உரக்கச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள்மேல் வெறுப்பை மனதில் வைத்துக்கொண்டு சொல்வார்கள் என்ற பயம் அந்த நாட்டில் உண்டு.

எடின்பரோவில் வேலை பார்க்கும் மகள் ரோனாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் அந்தச் சட்டசபைக்குக் கீழே உள்ள ஓர் அலுவலகத்தில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"இன்னிக்கு எத்தன பேரு வந்தாங்கப்பா?"

"வந்தாங்க, வந்தாங்க."

"அப்பா…"

"ஒருத்தர் வந்தாரு. பஸ் ஸ்டாண்டு எங்கன்னு கேட்டாரு."

வாரம் தவறாமல் நின்று பேசியவர் ஒரே ஒருவர்தான். டோரா டெய்ட். பிரிட்ஜ் தெருவில் நூல் கடை வைத்திருந்து விற்றுவிட்ட அம்மாள். எட்வினைவிட ஒரு வயது மூத்தவர். அவர் நின்றதும் ஆதரிக்க அல்ல, திட்ட.

"ஏன்யா எட்வின், இருக்கற அரசியல்வாதிங்களுக்கே தீனி போட முடியல. இன்னொரு கூட்டத்தக் கூட்டிட்டு வரணுமா?"

"அவங்களுக்கு மட்டும் எதுக்காம்?"

"அவங்க சின்ன நாடு. சத்தம் போட்டாத்தான் லண்டன் காதுல விழும். நாம அப்படியா? லண்டனே நம்ம ஊருதானே?"

"நம்ம ஊரா? இங்கருந்து எடின்பரோ ஒரு மணி நேரம். லண்டன் எங்க இருக்கு?"

"பாத்தியா, நீயே சொல்லிட்ட! உனக்கு வேண்டியது இங்கிலாந்துக்குச் சட்டசபை இல்லய்யா. இந்த வடகிழக்கு மூலைக்கு ஒண்ணு. ரெண்டாயிரத்து நாலுல அதத்தான் கேட்டாங்க. நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சினேன். நம்ம ஊரு ஆளுங்கதான் வேண்டாம்னு குத்தித் தள்ளிட்டாங்க."

அது உண்மைதான். அந்த வாக்கெடுப்பில் டோரா பக்கம் படுதோல்வி. பத்து வருஷம் ஆகியும் அந்தப் புண் ஆறவில்லை. தோற்றுப்போன கட்சிக்கு ஒரே ஆளாக டோரா. தொடங்கவே தொடங்காத கட்சிக்கு ஒரே ஆளாக எட்வின். இரண்டு பேரும் மழைத்தூறலில் நின்று சண்டை போடுவதைப் பூச்செடிக்காரர் வேடிக்கை பார்ப்பார். சண்டை முடிந்ததும் டோரா போய்விடுவார். அவர் போன பிறகு தெரு இன்னும் நீளமாகத் தெரியும்.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் டீன் வந்தான்.

தெற்கே கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்த இளவட்டங்கள் நாலைந்து பேர். டீன்தான் அவர்களுக்குத் தலைவன். கூரை வேலை செய்கிறவன், கடுமையான உழைப்பாளி, கலகலப்பான பேச்சு. எட்வினின் அட்டையைப் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பெரியவரே, நீங்க இப்படித் தனியா நிக்கறதப் பாத்தா வயிறு எரியுது. நாங்க இருக்கோம்."

அடுத்த சனிக்கிழமை வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட பெரிய இங்கிலாந்துக் கொடியோடு வந்தார்கள். மேஜைக்குப் பின்னால் அதை நட்டார்கள். சுடச்சுடத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். போகிற வருகிறவர்களைக் கூவிக் கூப்பிட்டார்கள். முதல் முறையாக மேஜை முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் டீன் எட்வினின் வீட்டுக்கு வந்து, எஃபி இருந்தபோதே உடைந்துபோயிருந்த கூரை மழைநீர்க் குழாயை ஏணி போட்டு மாட்டிக் கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான். எட்வின் பன்றித் தொடைக்கறியும் பட்டாணி மசியலும் செய்து போட்டார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து தட்டு வழித்துச் சாப்பிட்டார்கள். அந்த அடுப்படியில் மனிதக் குரல் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வாரம் ரோனா தொலைபேசியில், "என்னப்பா, கொரலே மாறியிருக்கு?" என்றாள்.

"பசங்க வராங்கம்மா. நம்ம பசங்க."

டோரா அந்த வாரங்களில் மேஜையருகே நிற்கவில்லை. ஒருநாள் எதிர்ப்பக்கமாகப் போனவரை எட்வினே கூப்பிட்டார்.

"என்ன, சண்டைக்கு வரலியா?"

"சகவாசம் சரியில்லய்யா" என்றார் டோரா.

எட்வினுக்குச் சுருக்கென்றது. "மூணு வருஷம் ஒத்தையா நின்னேன். ஒரு நாய் வரல. வந்தவங்களையும் தொரத்தச் சொல்றியா?"

டோரா தன் வழியே போய்விட்டார். அந்தப் பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சில பேச்சுகள் எட்வினின் காதிலும் விழுந்தன. இளரத்தம், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, சக்கரப் பையை இழுத்துக்கொண்டு ஒரு பெண் மேஜை முன்னால் வந்து நின்றாள். எட்வினின் வீட்டுக்குப் பின் சந்தில் குடியிருப்பவள். ரோசிட்சா என்று பெயர். பல்கேரியாவிலிருந்து வந்தவள். எல்லை தாண்டி ஐமவுத்தில் மீன் அடைக்கும் இடத்தில் வேலை.

"இது என்னங்க ஐயா?"

எட்வின் சொன்னார். அவள் கவனமாகக் கேட்டாள்.

"நான் எட்டு வருஷமா இங்க இருக்கேன். காலையில ஸ்காட்லாந்து, சாயங்காலம் இங்கிலாந்து. அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். எனக்கே தலை சுத்தும். நானும் கையெழுத்துப் போடலாமா?"

"தாராளமாப் போடும்மா. இங்க வாழறவங்களத்தான கேக்கணும்?"

அவள் தன் நீளமான பெயரை நிதானமாக எழுதினாள். டீன் எட்டிப் பார்த்தான். எட்வினின் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தப் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தான்.

"பெரியவரே, என்ன கூத்து இது? இங்கிலாந்து இங்கிலீஷ்காரனுக்குன்னுதான நிக்கறோம்? இவங்களக் கேட்டுத்தான் நமக்குச் சட்டசபை வரணுமா?"

எட்வின் பேனாவைத் திரும்ப வாங்கிக் கீழே அதே பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டி எழுத வேண்டியிருந்தது. "அந்தப் பேரு இருக்கணும்" என்றார்.

டீன் சிரித்துக்கொண்டே அதையும் அடித்தான். அவனோடு இருந்தவர்களில் ஒருவன் ரோசிட்சாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அச்சில் ஏற்றத் தகாத வார்த்தை. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பையை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். கற்கள் பாவிய தெருவில் சக்கரம் கடகடவென்று போகும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

"கிளம்புங்க" என்றார் எட்வின்.

"எங்க?"

"எங்கயாவது. என் மேஜைய விட்டுக் கிளம்புங்க."

டீனின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "யோவ் பெருசு, யோசிச்சுப் பேசு. நாங்க இல்லன்னா உன்கூட நிக்க ஒரு காக்கா வராது."

"வராட்டிப் போகட்டும்."

அவர்கள் நகரவில்லை. எட்வின்தான் நகர்ந்தார். அட்டையைக் கழற்றினார், தாள்களைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தார், மேஜையை மடக்கி இடுக்கிக்கொண்டார். கொடி அவர்களுடையது, அது அங்கேயே நின்றது. பழைய பாலத்தின் மேல் ட்வீட்மவுத்துக்கு நடந்தபோது மேஜைக் கால் அடிக்கொரு தரம் முழங்காலில் இடித்தது. கீழே ஆற்றில் அன்னங்கள் கூட்டமாக நின்றன. பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ரோசிட்சாவின் கதவைத் தட்டினார். அவள் சங்கிலியைக் கழற்றாமல் கொஞ்சமாகத் திறந்தாள்.

"நடந்ததுக்கு மன்னிச்சிக்கோம்மா. அவங்கள முன்னாடியே அனுப்பியிருக்கணும்."

"பரவாயில்லீங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அதற்குமேல் அவள் என்ன சொல்ல முடியும்?

இரண்டு வாரம் கழித்து டீனின் கூட்டம் வேறொரு ஊரில் கைகலப்பில் இறங்கிப் போலீஸ் வரை போனது. யாரோ பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கைப்பேசிகளில் சுற்றவிட்டார்கள். பெரிய கொடி, அதன் அடியில் டீன், டீனின் கை எட்வினின் தோளில், எட்வின் முகம் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். மீன் கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. "என்ன எட்வின், சௌக்கியமா?" என்பதும் நின்றது. வாரத்தின் நடுவில் ரோனா கூப்பிட்டாள்.

"அப்பா, அந்தப் படத்துல இருக்கறது நீங்கதானா?"

"நான்தான். ஆனா அவங்களத் தொரத்திட்டேம்மா."

"எப்ப?"

"அந்தப் படம் எடுத்ததுக்கு அப்புறம்."

"எடுக்கும்போது சிரிச்சிக்கிட்டுதான இருந்தீங்க?"

 தனக்கு ஏன் அந்தச் சிரிப்பு வந்தது என்பது எட்வினுக்கு நன்றாகத் தெரியும். தோள்மேல் ஒரு கை விழுந்து எத்தனையோ காலமாகியிருந்தது. அதை மகளிடம் எப்படிச் சொல்வது?

"ஆபீஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்கப்பா" என்றாள் ரோனா. அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை.

இந்தக் கலவரத்துக்கெல்லாம் முன்பே எட்வின் ஜூன் மாதத்தில் ஒரு பொதுக்கூட்டத்துக்குத் தேவாலயக் கூடம் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். இப்போது கூடத்துக்காரர்கள் இழுத்தார்கள். தப்பாக நினைக்காதீர்கள் எட்வின், ஆனால் இந்த நேரத்தில் வேண்டாமே என்றார்கள். எட்வின் சரி என்று வந்துவிட்டார். மறுநாள் கதவு தட்டும் சத்தம். திறந்தால் டோரா. அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

"கூடம் இல்லன்னுட்டாங்களாமே?"

"ஆமா. உனக்கு நிம்மதிதான?"

"நிம்மதியா? ரோட்டுல நின்னு உன்கிட்டக் கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. உக்காந்து எதுத்துப் பேச எனக்கு ஒரு எடம் வேண்டாமா? நான் போய்ப் பேசிட்டு வந்துட்டேன். வியாழக்கிழமை ஏழு மணி. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒழுங்கா ஷேவ் பண்ணிட்டு வா."

வியாழக்கிழமை கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரை மூடிவிட்டது. கூடத்துக்கு வந்தவர்கள் முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டவில்லை. பூச்செடிக்காரர் வந்தார். இரண்டு மீனவர்கள், ஓர் இளம் ஆசிரியை, தேநீர் இலவசம் என்று வந்த சில முதியவர்கள். எட்வின் ரோனாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் வரவில்லை.

எட்வின் எழுதி வந்த தாளைப் பார்த்துக் கொஞ்சம் படித்தார். பிறகு மடித்து வைத்துவிட்டார்.

"ஒரு வீட்டுல நாலு பசங்க. மூணு பேருக்குத் தனி ரூம், தனிச் சாவி. மூத்தவன் கேட்டா, வீடே உன்னுதுதானடா, உனக்கெதுக்குத் தனி ரூம்கறாங்க. ஆனா கூடத்துல, அதாவது லண்டன்ல, வந்து உக்காந்து பேசற உரிமை எல்லாருக்கும் இருக்கு. மூத்தவன் சாப்பாட்டப் பத்தி மத்த மூணு பேரும் கை தூக்கலாம். அவங்க சாப்பாட்டப் பத்தி இவன் வாயத் திறக்கக்கூடாது. இது சரியா, தப்பான்னு நான் சொல்ல வரல. மூத்தவன ஒரு தடவ கூப்புட்டு, உனக்கு என்னடா வேணும்னு கேளுங்கன்னுதான் சொல்றேன்."

டோரா எழுந்தார்.

"நல்லாச் சொன்னாரு. ஒண்ண மட்டும் சொல்லாம விட்டுட்டாரு. அந்த மூத்தவன் வீட்டுல முக்காலே மூணு வீசத்த அடைச்சிக்கிட்டுப் படுத்திருக்கான். அவனுக்குத் தனியா ரூம் கட்டினா மத்த மூணு பேரும் தெருவுலதான் நிக்கணும். வீடே இடிஞ்சு போகும். அவன் ரூம்லயும் யாரு கட்டில் பெருசு? லண்டன்காரன் கட்டில்தான். நாம அவன் காலடியில சுருண்டு கிடக்கணும். எட்வின் மனசு நல்ல மனசு. ஆனா பெரிக்குக்கு வேண்டியது பெரிக்குக்குப் பக்கத்துல இருக்கற அதிகாரம்."

ஆசிரியை கையைத் தூக்கினாள். "அந்தச் சட்டசபை எந்த ஊர்ல உக்காரும், மிஸ்டர் ரெனர்? நம்ம பேச்சு அங்க கேக்குமா?"

எட்வின் நெற்றியைத் தேய்த்தார். "தெரியலம்மா. நெஜமா எனக்குத் தெரியல."

மீனவர்களில் ஒருவர், "இதாவது உண்மையச் சொன்னாரே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எட்வினும் சிரித்துவிட்டார்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். எட்வின் பக்கம் தூக்கிய கைகளை எண்ணச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. டோரா பக்கமும் பெரிதாக ஒன்றுமில்லை. எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். பிறகு பிஸ்கட் தட்டைக் காலி செய்துவிட்டு மூடுபனிக்குள் கலைந்து போனார்கள்.

எட்வினும் டோராவும் நாற்காலிகளை அடுக்கினார்கள்.

"ரெண்டு பேருமே தோத்தோம்" என்றார் டோரா.

"ஆனா கேட்டோம்ல? இங்கிலாந்துக்கு வேணுமான்னு இந்த ஊர்ல யாராவது கேட்டது இதுதான் முதல் தடவை."

"அந்த மட்டுக்கு உண்மை." டோரா ஒரு நாற்காலியைத் தூக்க முடியாமல் இழுத்தார். எட்வின் வாங்கிக்கொண்டார்.

மறு சனிக்கிழமையிலிருந்து மேஜை பழைய இடத்துக்கு வந்தது. டீன் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டோரா வந்தார், திட்டினார், போனார். "என்ன எட்வின்" என்ற விசாரிப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ரோனாவும் கூப்பிடத் தொடங்கினாள். கேட்பதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அப்படி இரண்டு வருஷம் போயிற்று. மூன்றாவது குளிர்காலத்தில் டோராவுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. பதினைந்து நாளில் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த சனிக்கிழமையும் எட்வின் மேஜையை விரித்தார். அடுத்த வாரமும் விரித்தார். ஆதரிக்க ஆளில்லாமல் வருஷக்கணக்கில் நின்றவரால், எதிர்க்க ஆளில்லாமல் ஒரு மாதம்கூட நிற்க முடியவில்லை. பூச்செடிக்காரர் மேஜையை விலைக்குக் கேட்டார். எட்வின் சும்மாவே கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு வீடும் வானொலியும்தான். ஒரு ஜனவரியில் பனி உறைந்த வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. வெகுநேரம் கழித்து அவரைக் கண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ரோசிட்சாதான். வண்டி வரும்வரை தன் கோட்டை அவர்மேல் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பேசாதீங்க ஐயா, குளிரு உள்ள போகும்" என்றாள்.

ரோனா இப்போது ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு முன்னால் வரும் டன்பாரில் கணவனோடு குடியிருந்தாள். மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே கூட்டிக்கொண்டு போனாள். எட்வின் மறுத்துப் பார்த்தார். மகள் விடவில்லை.

"தனியா அங்க விட்டுட்டு நான் இங்க எப்படித் தூங்குவேன்? உங்க இங்கிலாந்து எங்கயும் ஓடிடாது. அரை மணி நேரத்துல ரயில் இருக்கு."

முதல் வாரமே காலையில் ஷீனா என்று ஒரு பெண் வந்தாள். குளிப்பாட்ட, உடுத்திவிட. காசு கிடையாது, கேள்வி கிடையாது. வெந்நீர் பதம் சரியாக இருந்தது. முதுகில் அவள் துணி வைத்துத் தேய்த்தபோது எட்வின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சூடு சரியா இருக்கா தாத்தா?" என்று ஷீனா கேட்டாள்.  தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மே மாதம் ஸ்காட்லாந்துச் சட்டசபைத் தேர்தல் வந்தது.

"அப்பா, உங்க பேரும் பட்டியல்ல இருக்கு" என்றாள் ரோனா.

"எனக்கெதுக்கு? நான் இங்கிலீஷ்காரன்."

"இங்க குடியிருக்கீங்க. அது போதும்."

அவர் ஏதாவது வாதம் செய்வார் என்று ரோனா காத்திருந்தாள். செய்யவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வரிசை இல்லை. மறைப்புக்குள் நின்று தாளைப் படித்தார். கட்சிகளின் பெயரெல்லாம் செய்தியில் கேட்டுப் பழகியவைதான். எழுபத்தெட்டு வயதில், தான் கேட்ட சட்டசபை கிடைக்காமல், கேட்காத சட்டசபைக்கு ஓட்டுப் போட நிற்கிறோம் என்று தோன்றியது. எஃபி இருந்தால் சிரித்திருப்பாள். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஓட்டுப் போட்டார்.

வெளியே காரில் காத்திருந்த ரோனா, "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பென்சில் முனை மழுங்கியிருந்துச்சு."

ரோனா சிரித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "வீட்டுக்குப் போலாமா?"

"துறைமுகத்துல எறக்கி விடு. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன். நீ கடைக்குப் போயிட்டு வா."

இடிந்த கோட்டைச் சுவரில் கடற்பறவைகள் கூடு கட்டிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. எட்வின் கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஓட்டுப் போட்ட விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நாயோடு வந்த ஒருவர் மூச்சு வாங்க நின்றார். அவரும் வயதானவர்தான்.

"உங்களப் பாத்ததில்லயே. எந்த ஊரு?"

"பெரிக்."

"பெரிக்கா? அது இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா? எனக்கு எப்பவும் கொழப்பம் பாருங்க."

"இங்கிலாந்து" என்றார் எட்வின்.

"அப்படியா" என்று தலையாட்டிவிட்டு அவர் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார். எட்வின் ஓட்டுப் போட்டதைச் சொல்வதற்குள் அவர் தூரம் போய்விட்டார். கடல் காற்று பலமாக அடித்தது. கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, மகளின் கார் வரும் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.